கல்குவாரிப் பாதையில் சேறு

பிர்னோ, நவம்பர் 1944

அன்புள்ள போஷேனா,

எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. உனக்கும் பாப்பாவுக்கும் சளி விட்டதா? தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால், என்னோடு ஆலையில் வேலை செய்யும், விடுப்பில் ஊருக்கு வரும் ஒல்ட்ரிக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ஒரு ஜெர்மன் அதிகாரி ஆலைக்கு வந்து, நான் எந்த ஊர்க்காரன் என்று விசாரித்து, நம் ஊர் வரைபடத்தை என் முன்னால் விரித்தான். "கல்குவாரி வழியா காட்டுக்குள்ள லாரி போகுமாடா?" உன் தம்பி ஒளிந்திருக்கும் காடு! "முழங்கால் சேறுங்கய்யா, எங்க மாடே மாட்டிக்கிச்சு" என்று அளந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பென்சிலால் வேறு பாதை போட்டான். ஓடைப் பாலம், மாவு மில், நம் வீட்டு வாசல். வியாழக்கிழமை வருகிறார்களாம்.

என் கம்பளிக் காலுறையை ஒல்ட்ரிக்கிடம் கொடுத்தனுப்பு. நீ படுக்கும் தலையணை உறையையும், துவைக்காமல். பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பு. மாமா எங்கே என்று யார் கேட்டாலும் அவள் காட்டைக் கைகாட்டுவாள்.

அவசரமாக,
உன் யாரோஷ்