துக்க வீட்டு ரேடியோ

1974 அக்டோபர் 9
சோறு குழைந்துவிட்டது. நானும் மகன் ராமலிங்கமும் அப்படியே தின்றோம். அவர் போன பிறகு எது வாயில் வைத்தாலும் ஒன்றுதான். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவர்.

அவருடைய ரேடியோவை நாத்தனார் சின்னப்பாப்பா துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். "வருசம் திரும்புற வரைக்கும் இந்த வீட்ல பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது அண்ணி." சரி என்றேன். பாட்டு யாருக்கு வேண்டும்?

அக்டோபர் 14
கடலுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் எங்கள் வாசலில் உட்கார்ந்து வானிலை கேட்பார்கள். இப்போது எதிர்வீட்டு அமிர்தவல்லியிடம் போகிறார்கள். புது செட். எப்போதும் சிலோன்தான், கணீரென்று எடுக்கும். இவரும் பாட்டுக்கு சிலோன்தான் வைப்பார். வானிலைக்கு மட்டும் முள்ளைத் திருப்பி மெட்ராஸ். கரகரவென்று இருக்கும், காதை ஒட்டி வைக்க வேண்டும்.

அக்டோபர் 15
ஒன்றுமில்லை. தலைக்குக் குளித்தேன்.

அக்டோபர் 22
கொழுந்தன் ஆதிமூலம் வந்தான். விடிந்தால் ராமலிங்கத்தைக் கட்டுமரத்தில் கூட்டிப்போகிறானாம்.

"வானிலை கேட்டியா தம்பி?"

"கடல் நல்லா இருக்குன்னு சிலோன்ல சொல்லிட்டான்."

"அது அவங்க கடலாச்சே."

"கடலுக்கு ஏது அண்ணி வேலி?" சிரித்தான்.

வாடைக்காற்று ஒரு மாதிரி அடித்தது. பரணிலிருந்து ரேடியோவை இறக்கினேன். சின்னப்பாப்பா ஓடிவந்தாள். "அண்ணன் போன ஈரம் காயல, உனக்கு ரேடியோ கேக்குதா?"

திருகினேன். கடைசியாக சிலோனில் விட்டுப் போயிருக்கிறார் — பாட்டு வந்துவிட்டது, பெரிய சத்தமா. தெருவே திரும்பிப் பாத்துச்சு. என்னன்னு நெனச்சிருப்பாங்க? நெனச்சிட்டுப் போவட்டும். முள்ளைத் திருப்பினேன்.

மெட்ராஸ். கடலூருக்குக் கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். ஆதிமூலத்தைக் கூப்பிட்டுக் காதில் வைத்தேன்.

"இவன் ஒருத்தன்தானே இப்பிடிச் சொல்றான் அண்ணி?"

"நம்ம கடலப் பத்தி இவன் ஒருத்தன்தான் சொல்றான்."

ராமலிங்கம் முறைத்தான். "எல்லாரும் போறாங்கம்மா. என்னை மட்டும் பொம்பளப்புள்ள மாதிரி ஊட்ல வையி."

ஆதிமூலம் போய் மரத்தை மேட்டுக்கு இழுத்துப் போட்டான்.

அக்டோபர் 24
காற்று. கூரையில் பாதி இல்லை. கடலுக்குப் போன இரண்டு மரத்தில் ஒன்று வலையில்லாமல் திரும்பியது. இன்னொன்றின் ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். ராமலிங்கம் அவர்களைப் பார்த்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை.

நவம்பர் 3
சின்னப்பாப்பா ரேடியோவுக்குப் புது பேட்டரிக் கட்டை வாங்கி வந்தாள். தானே போட்டாள்.

வாசலில் ஆட்கள். "என்னா சொல்றான் அண்ணி, போலாமா?"

"நீங்களே கேளுங்க." சத்தத்தைக் கூட்டி வெளியே வைத்தேன். மழையில்லை, காற்றில்லை, போகலாம் என்றது. ராமலிங்கம் எழுந்து நின்று என்னையே பார்த்தான். வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

அவனுக்குக் கஞ்சி கட்ட அரிசி களைந்தேன்.