வங்களாவடிக்கு அங்காலை

இன்று சனிக்கிழமை. காலையில் விறாந்தையைக் கூட்டினேன். சிரிக்காதையும், நான்தான் கூட்டினேன். அலுமாரிக்கு அடியில் தும்புத்தடியை விட்டு இழுத்தபோது தூசியோடு ஒரு வெள்ளை மூடி உருண்டு வந்தது. இருமல் மருந்துப் போத்தலின் மூடி. குப்பையோடு சேர்த்துத் தள்ளப் போனவன் குனிந்து எடுத்தேன். மூக்கில் வைத்துப் பார்த்தேன். நீர் எத்தனை தரம் கழுவியும் போகாத அந்த இனிப்பு மருந்து மணம் இன்னும் அதில் இருக்கிறது.

செஸ் பெட்டியில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று தொலைந்த நாளில் அதன் இடத்துக்கு நீர் வைத்த மூடி இது. ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய். உம்மிடம் செஸ் பழக வந்த பிள்ளைகள் அதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைக் காயோடு விளையாட இருக்கிற பிள்ளை, "மருந்து எனக்கு" என்று சண்டை பிடிக்கும். ஒரு மூடிக்கு என்ன சண்டை என்று நான் குசினியிலிருந்து கத்துவேன்.

நீர் போன பிறகு செஸ் பலகைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினவன் நான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற சனம் இருக்க இடம் வேண்டுமே என்றுதான் எடுத்து வைத்தேன். பிறகு திறக்க மனம் வரவில்லை. பிள்ளைகளும் வருவதை விட்டுவிட்டார்கள். எங்கள் படலையடியில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, சத்தம் போடாமல் உருட்டிக்கொண்டு போவார்கள். எத்தனை வருடம் உம்மோடு சண்டை பிடித்தேன், வேலையால் வந்தால் இருக்க ஒரு கதிரை இல்லை என்று. இப்போது எல்லாக் கதிரையும் எனக்குத்தான். ஒன்றிலும் இருக்கப் பிடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவனுக்குச் செஸ் என்ன தெரியும்? குதிரை கோணலாகப் பாயும், அது தெரியும். கணக்கு ரீச்சராகிய நீர் முதல் தடவை பிள்ளைகளைப் பட்டணத்துப் போட்டிக்குக் கூட்டிப்போய்த் திரும்பியது என்னுடைய பஸ்ஸில்தான். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. விளையாட்டுத் தொடங்கி ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க முதல் எல்லாரும் தோற்றுப்போனார்களாம். பட்டணத்துப் பிள்ளைகள் ஆட்டத் தொடக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நீர் சொன்னீர். இருக்க இடம் இருந்தும் பண்ணைத் தரிப்பிடத்திலிருந்து எங்கள் ஊர் வேலணை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தீர். கண்ணாடியில் உம்மைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹோர்னை அடித்துத் தீர்த்தேன்.

பிறகு நீர் புத்தகம் வாங்கினீர். தொடக்க ஆட்டங்களுக்கு ஊர் பேர் தெரியாத நாட்டுப் பெயர்கள். பிள்ளைகளின் மண்டைக்குள் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு பின்னேரம் நான் தேத்தண்ணியை வாயில் வைத்த நேரம் கேட்டீர்:

"இஞ்சருங்கோ, பண்ணையால வெளிக்கிட்டா அடுத்தது எங்கை நிப்பாட்டுவீங்கள்?"

"என்ன விசர்க் கேள்வி? மண்டைதீவுச் சந்தி."

"அங்காலை?"

"அல்லைப்பிட்டி, மண்கும்பான், வங்களாவடி. உமக்கு இப்ப என்ன வேணும்?"

"உது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டீர்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வருகிறேன், படலைக்குள் கால் வைக்க முதலே என்னுடைய வழித்தடத்தைப் பிள்ளைகள் பாட்டாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அரசனுக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம் போனால் பண்ணை. குதிரை வெளியே வந்தால் மண்டைதீவுச் சந்தி. மந்திரி வந்தால் அல்லைப்பிட்டி. அரசனை மூலைக்குக் கொண்டுபோய்க் கோட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தால் மண்கும்பான். இன்னொரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் வங்களாவடி. "கண்டறியாத படிப்பு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உமக்கு நான் சொல்லவில்லை. நீர் கண்டுபிடித்திருப்பீர்.

ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பஸ் என்றால் நிற்கிற இடத்தில் நிற்கத்தானே வேண்டும். ஜெனிற்றாவை நினைத்துப் பாரும். கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற, தகப்பன் கடலுக்குப் போகிற அந்த மெலிந்த பிள்ளை. எதிரே இருந்த பெடியன் தன் சிப்பாயை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்க, இவள் தன் மந்திரியைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்துவிட்டாள். அவன் வெட்டிவிட்டான்.

"ஏன் பிள்ளை அங்கை வைச்சனீர்?" என்று நீர் கேட்டீர்.

"அல்லைப்பிட்டி வந்திட்டுது ரீச்சர். நிப்பாட்டாமல் எப்பிடிப் போறது?"

கண் கலங்கிப்போய்ச் சொன்னாள். நீர் அவளை ஏசவில்லை. கிணற்றடியில் நின்ற என்னைக் கூப்பிட்டீர். ஈரத் துவாயோடு வந்து நின்றேன்.

"இவையளுக்குச் சொல்லுங்கோ. வீதியில மாடு நிண்டா என்ன செய்வீங்கள்?"

"பிரேக் அடிப்பன். வேறை என்ன? மாட்டை அடிச்சு விழுத்திப்போட்டு அல்லைப்பிட்டியில ஆக்களை இறக்கவோ?"

பிள்ளைகள் கதிரையை விட்டு விழுந்து சிரித்தார்கள். நீர் மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டனீங்களோ? இடம் பிறகு. முதல் வீதியைப் பாருங்கோ" என்றீர். அன்றிலிருந்து ஒரு காயைத் தொட முதல் ஒவ்வொரு பிள்ளையும் "மாடு நிக்குதோ?" என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும். பட்டணத்துப் போட்டியில் ஒரு பெடியன் அதை வாய்விட்டுக் கேட்டு, எதிரே இருந்த பிள்ளை தன்னை மாடு என்கிறான் என்று நடுவரிடம் முறையிட்டு, நீர் போய் விளக்கம் சொல்லி மீட்டது இன்னொரு கூத்து. ஆனாலும் அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் வென்றும் வந்தார்கள். பஸ்ஸுக்குள் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

நீர் படுக்கையில் விழுந்த பிறகும் கட்டிலை விறாந்தைப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னீர். மூச்சு வாங்க வாங்க இருந்து பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தீர். ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பாருங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உம்மில் இருக்கிற கோபம். கேட்டிருந்தால் ஏலாது என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டுச் செய்திருப்பேன். உமக்கு என் குணம் தெரியாதா?

போன வியாழக்கிழமை வங்களாவடியில் ஜெனிற்றா பஸ்ஸில் ஏறினாள். யாழ்ப்பாணத்தில் பஸ் நின்று சனமெல்லாம் இறங்கும் வரைக்கும் வாய் திறக்காமல் எனக்குப் பின் சீற்றில் இருந்தாள். ஓடுகிறபோது சாரதியோடு கதைக்கக் கூடாது என்று நீர் பழக்கி வைத்திருக்கிறீர். பிறகு கிட்ட வந்து கேட்டாள்.

"மாமா, ரீச்சரின்ரை பலகையள் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"இந்த முறை போட்டிக்குப் பேர் குடுக்கேல்லையாம். சொல்லித் தர ஆள் இல்லையாம். இனி எங்கடை பள்ளிக்கூடத்தில செஸ் இல்லையாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். என்னைச் செஸ்ஸுக்குப் பொறுப்பாகப் போடுங்கோ என்றேன். நல்ல மனிசன், சிரிக்காமல் கேட்டார்.

"உங்களுக்கு விளையாடத் தெரியுமோ?"

"தெரியாது. வழி தெரியும்."

"நாளைக்குச் சனிக்கிழமை, பிள்ளையள் வரட்டும். ஒழுங்காப் பழகினாப் பேர் குடுப்பம்" என்றார். அதனால்தான் இன்று விறாந்தையைக் கூட்டினேன்.

வந்தார்கள். ஆனால் முந்தியைப்போல ஓடி வரவில்லை. செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்த ஆட்கள் மாதிரி நின்றார்கள். உம்முடைய படத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. நான் அலுமாரியைத் திறந்து பலகைகளை எடுத்து வைத்தேன். சேட் பொக்கெற்றிலிருந்து மூடியை எடுத்து ஒரு பலகையில் ராணிக்கு முன்னால் வைத்தேன். "மருந்து" என்று ஒரு சின்னன் மெல்லச் சொன்னது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் கதிரைகளில் இருந்தார்கள், மூடி நின்ற பலகைக்கு முன்னால் ஜெனிற்றா.

நான் வாசலில் நின்று இடங்களைச் சொன்னேன். பண்ணை. மண்டைதீவுச் சந்தி. அல்லைப்பிட்டியில் எல்லாப் பலகையிலும் மந்திரி சரியாக வந்து நின்றது. மண்கும்பான். வங்களாவடி. அதோடு எல்லாக் கையும் நின்றுவிட்டது. பிள்ளைகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"அங்காலை மாமா?" ஜெனிற்றாதான் கேட்டாள். "ரீச்சர் எங்களுக்கு இதுமட்டும்தான் சொல்லித் தந்தவ."

அங்காலை புங்குடுதீவுப் பாலம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலத்துக்கு எந்தக் காயைக் கையில் எடுப்பது என்று தெரியாது. நீர் அதை ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டீர். குசினிப் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது மோனை" என்றேன். "வீதியில என்ன நிக்குது எண்டு பார்."

அவள் குனிந்து மூடிக்கு முன்னால் இருந்த கட்டங்களைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் பலகைகளை விட்டுவிட்டு அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். "அவன்ரை மந்திரி அடிக்கும்." "குதிரையும் அடிக்கும்." "ஆனா எங்கடை குதிரை காக்குது." "ராணியும் நிக்கிறா." விரலை வைத்து வைத்து எண்ணினார்கள். சத்தம் கூடிக்கூடி வந்தது. ஒருவன் என்னுடைய கதிரைக்கு மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தான். அவன் விழாமல் நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெனிற்றா மூடியில் விரலை வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாடு இல்லை மாமா."

"அப்ப போ."

இரண்டு கட்டம் போனாள்.

எல்லாரும் போன பிறகு பலகைகளை அடுக்கினேன். அலுமாரியைப் பூட்டவில்லை. மூடியை மட்டும் திரும்ப என் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டேன். உந்தப் பிள்ளைகளிடம் விட்டால் துலைத்துவிடும். திங்கட்கிழமை அதுவும் என்னோடு பஸ்ஸில் வரும். வங்களாவடியில் நிப்பாட்டிவிட்டுப் பாலத்துக்கு வெளிக்கிட முதல் ஒருக்கா அதைத் தொட்டுப் பார்ப்பேன்.