தபால்காரர்தான் கொலைகாரர்

எங்கள் வீட்டு மகாராணிக்கு,

மகளும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன். சம்பந்தியும் நலமாகத்தான் இருப்பார். உன் கையால் டீ குடிக்கிறவருக்கு என்ன குறை?

பிரசவத்துக்கு ஒரு மாதமென்று வெளிநாட்டுக்குப் போனாய், மூன்றாகிவிட்டது. போனை எடுத்தால், நூலகக்காரம்மா கொலைகளைத் துப்பறிகிற அந்தத் தொடரைச் சம்பந்தியோடு பார்த்த கதைதான். "அவரு பாதியிலேயே கொலைகாரன் யாருன்னு சொல்லிடறாருங்க!" என்றாய். எட்டு வருஷமாக உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் நான் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

அதனால்தான் போன வாரம் உன்னைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பாரு, தபால்காரர்தான் கொலைகாரர்" என்றேன். மறுநாள் தொடர் முடிந்ததும் நீயே கூப்பிட்டாய். போனைக் காதில் வைத்துக்கொண்டே சம்பந்தியிடம், "எங்க வீட்டுக்காரர் அங்க இருந்தே கண்டுபிடிச்சிட்டாரு!" என்றாய். உன் குரலில் அப்படியொரு பெருமையை நான் கேட்டதே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அதை ஒரு நாள் முன்னாலேயே காட்டிவிடுகிறார்கள். முழுதும் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் அளந்தேன்.

இந்த வாரம் டிவியைப் போடவில்லை. கொலைகாரன் யாரென்று நீ சொல்ல, நான் "அட!" என்று வாயைப் பிளக்க வேண்டும். சீக்கிரம் வா. சம்பந்தியிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
துப்புக்கெட்ட உன் வீட்டுக்காரன்