ஏழு பேர் நின்ற ஞாயிற்றுக்கிழமை

புதுப்பட்டினம்
18.8.2025, திங்கள்

அன்புள்ள அக்கா ஜெனிட்டாவுக்கு, அம்மா அப்பாவின் ஆசீர்வாதத்தோடு பியூலா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது, மெல்போர்ன் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் வீட்டில் தினமும் பேச்சு. எப்போதும் அம்மா கையெழுத்தில் வரும் கடிதம் இந்தத் தடவை என் கையெழுத்தில் வருகிறதே என்று பயந்துவிடாதே. அம்மாவின் வலது கட்டைவிரலில் ஒரு வெட்டு, தையல் போடவில்லை, கட்டுதான் போட்டிருக்கிறது, ஆனால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்றேன் நீ எழுதுடி என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், நாலு வரி சொன்னாள், அப்புறம் மிச்சத்த நீயே எழுது, இந்த வெரலு உன்னாலதானே போச்சு என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அது உண்மைதான். எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லாருக்கேன்கா என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது, பேப்பர் என்றால் பரவாயில்லை, பேப்பர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் அம்மா சொன்ன நாலு வரி. நைட் டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. ரொட்டி மட்டும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. சளி இருக்கிறதென்று மாத்திரையாகப் போட்டுக்கொள்ளாதே, நர்சுக்கு இதெல்லாம் சொல்லவேண்டியதில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலாவது, உன் அறையில் கூட இருக்கும் பெண்ணோடு சண்டை தீர்ந்ததா இல்லையா என்று எழுது. அப்பாவுக்கு அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ் கழுவும் கான்ட்ராக்ட் வேலை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள், முழங்காலோடு பஸ் மேல் ஏறவேண்டாம் என்று கூரை கழுவும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. மேலே நின்னா கடலு தெரியும்டி என்கிறார். நான் அதே தையல் கடையில்தான் இருக்கிறேன், பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதிலிருந்து இப்போது மிஷினில் உட்காரவைத்துவிட்டார்கள். பத்தாவதைத் திரும்பவும் எழுது என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய், நான் இன்னும் புத்தகத்தை எடுக்கவில்லை அக்கா, கோபித்துக்கொள்ளாதே.

இனி எங்கள் ஃபுட்பால் சேதி. நீ லீவில் வந்தபோது கொண்டுவந்தாயே, உங்கள் மெல்போர்ன் ஃபுட்பாலுக்கான, இரண்டு முனையும் கூர்மையான அந்தப் பந்து, அதை வைத்துக்கொண்டு புதுப்பட்டினத்தில் நாங்கள் பத்துப் பேர் ஆட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். போன வருடம் பெண்களுக்கென்று போட்டி நடந்தபோது மொத்தமே நாலு டீம். நடுவில் இரண்டு உயரமான சவுக்குக் கம்பு, அதற்குள் உதைத்தால் ஆறு பாயிண்ட், பக்கத்துக் கம்புக்குள் போனால் ஒன்று, அவ்வளவுதான், ஊரே வேடிக்கை பார்த்தது. இந்த வருடம் போட்டி நடத்தும் கமிட்டி ஆசைப்பட்டு எட்டு டீம் ஆக்கிவிட்டது. டீம் எட்டு ஆனது, பந்து ஆறுதான். சட்டம் தெரிந்த நடுவர்கள் மூன்று பேர்தான், அதில் ஒருவர் கமிட்டிச் செயலாளர் உலகநாதன் சாரே. அவர் ஒரு மைதானத்தில் முதல் பாதிக்கு விசில் ஊதிவிட்டு, ஸ்கூட்டரில் அடுத்த மைதானத்துக்குப் போய் அங்கே இரண்டாம் பாதிக்கு ஊதுவார், இங்கே யார் ஜெயித்தார்கள் என்று சாயங்காலம் எங்களிடமே கேட்பார். பனியன் வந்தது, அதில் கை இல்லை. அந்த ஆட்டத்துக்கு அப்படித்தானாம். கை இல்லாம எம் பொண்ண அனுப்பமாட்டேன் என்று அம்மாமார்கள் கிளம்ப, எழுபத்திரண்டு பனியனுக்கும் நான்தான் கடையில் கிடந்த துண்டுத் துணியில் கை வைத்துத் தைத்தேன், சதுரங்கப்பட்டினம் டீமின் பச்சைப் பனியனுக்கு ரோஸ் கை. மெல்போர்னிலும் புது டீம்களைச் சேர்த்தபோது பாவம் அவர்கள் மலை மலையாகத் தோற்றார்கள் என்று நீ சொன்னாயே, அதே கதைதான் இங்கேயும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபதுக்குப் பூஜ்யம்.

இதில் எனக்கு வந்த கஷ்டம் என்னவென்றால், பழைய டீம்கள் ஒவ்வொன்றும் ஐந்து பேரைப் புது டீம்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். எங்கள் கோச் கலையரசன் அண்ணன் யாரைக் கொடுத்தார் தெரியுமா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்கள் என்று யாரைத் தெரியுமோ அந்த ஐந்து பேரை. என்னை சதுரங்கப்பட்டினம் டீமில் போட்டார்கள். அம்மா சண்டைக்குப் போகிறேன் என்று நின்றாள், நான்தான் வேண்டாம் என்று அழுதேன். போன இடத்தில் கேப்டன் சிநேகா, அவள் அம்மா லோகநாயகி அக்கா கடற்கரையில் மீன் எடுத்து, ஸ்டாஃப் குடியிருக்கும் டவுன்ஷிப் வீடுகளில் விற்பவர். டீமில் பாதிப் பேர் அப்படித்தான், மீன் விற்கும் வீட்டுப் பெண்கள், மணலில் ஓடிப் பழகிய கால்கள், யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் மேட்சுக்கு வந்தால்தானே. முதல் ஞாயிறு ஐந்து பேர் வந்தோம், இரண்டாம் ஞாயிறு நாலு பேர். ஒன்பது பேர் ஆடும் ஆட்டத்தில் குறைந்தது ஏழு பேராவது நிற்கவேண்டும், மூன்று தடவை நிற்காவிட்டால் டீமையே எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் நான் பழைய டீமுக்கும் திரும்ப முடியாது, பட்டியல் மூடியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டபின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் அந்த மைதானம் ஒன்றுதான் அக்கா, கடையில் எல்லோருக்கும் நான் பாப்பாதான். அதுவும் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன திங்கட்கிழமை சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனேன். லோகநாயகி அக்கா வலைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்குள் அவரே, இன்னாமே, மேட்ச்சு மேட்ச்சுன்னிகினு வந்து நிக்கிற, ஞாயித்துக்கெழம காலைல மீன் விக்காம பின்ன எப்ப விக்கிறது, டவுன்ஷிப் சாருங்க வாரத்துல அன்னிக்குத்தான் மீன் துன்றாங்க, மூணாவது மாடி வரிக்கும் கூடைய யாரு தூக்கினு ஏறுறது, உங்க செயலாளர் ஏறுவாரா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேட்ச் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என்று போட்டவர்கள் எல்லோரும் அன்று காலை மீனுக்காக வீட்டில் காத்திருப்பவர்கள், ஆடவேண்டியவர்களோ அந்த மீனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படி ஏறுபவர்கள். உலகநாதன் சாரிடம் போய் நேரத்தை மாற்றச் சொன்னேன், சொன்னேன் என்றால் பாதிதான் சொன்னேன். ஒம்போது மணிக்கு கிரிக்கெட்காரன் வந்துடுவான்மா, உங்களுக்கு மாத்துனா எட்டு டீமுக்கும் மாத்தணும், என்னக் கொல்லாத என்றார். நான் சரி சார் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, அதாவது நேற்று, எங்களுக்கு டவுன்ஷிப் டீமோடு மேட்ச். அந்த டீம் கேப்டன் அனு அக்கா புதன்கிழமை பனியன் கை பிரிந்துவிட்டது என்று கடைக்கு வந்தார். நான் நூலைப் பார்த்துக்கொண்டே, அக்கா உங்க வூட்ல ஞாயித்துக்கெழம மீன் வாங்குவீங்களா என்று கேட்டேன். ஏன், நீ விக்கப்போறியா என்று சிரித்தார். அப்புறம் எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒரு கை தைத்து முடிப்பதற்குள். எங்கள் டீம் வராவிட்டால் ஜெயித்த டீமுக்குரிய நாலு பாயிண்ட் அவர்களுக்குச் சும்மா கிடைக்கும், ஆனால் அனு அக்கா, ஆடாம ஜெயிச்சா அது என்ன ஜெயிப்பு, எங்க வீட்டு மீனே லோகநாயகி அம்மா கூடையிலதான் வருது என்றார். அன்று ராத்திரியே குவார்ட்டர்ஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார், ஞாயிறு காலை ஆறு மணிக்கு மீன் மைதானத்து கேட்டில் கிடைக்கும், வேண்டியதை முன்பே எழுதுங்கள் என்று. முப்பத்தோரு வீட்டுக்காரர்கள் எழுதினார்கள். நாங்கள் குதித்தோம்.

தப்பு அங்கேதான் நடந்தது. முப்பத்தோரு வீட்டில் இருபத்தேழு வீடு எழுதியது வஞ்சிரம். நேற்றுக் காலை படகு கொண்டுவந்தது காரப்பொடி என்கிற பொடிமீனும் நெத்திலியும், கொஞ்சம் சங்கராவும். வஞ்சிரம் ஒன்றுகூட இல்லை. லிஸ்டைப் பார்த்ததும் லோகநாயகி அக்கா, கடலு இன்னா ஓட்டலா, மெனு பாத்து சொல்லிகினு கீறாங்க என்று என்னைத்தான் திட்டினார். கேட்டுக்கு வந்தவர்கள் கூடையைப் பார்த்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள். சம்பத் சார் என்று ஒருவர், இரண்டு கிலோ வஞ்சிரம் எழுதியவர், காரப்பொடிய யாரு ஆயறது, என் ஒய்ஃப் சகுந்தலாவுக்கு இந்த முள்ளெல்லாம் ஆகாது என்று பையை மடித்துக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் நாலு பேர் கிளம்பினார்கள். மணி ஆறு நாற்பது. பனியன் போட்டு நின்றவர்கள் ஆறு பேர், ஏழாவது சிநேகா, அவள் தலையில் கூடை. விக்காத கூடைய எடுத்துகினு நான் எந்தப் படிய ஏறுறது, போம்மே என்று அழுகிற குரலில் சொல்கிறாள். உலகநாதன் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை அக்கா. சார் போவாதீங்க என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குக் காது சுட்டது, ஆனால் ஆரம்பித்துவிட்டேனே. மீன வாங்கி இங்கயே குடுங்க சார், நீங்க மேட்ச் பாருங்க, முடியறதுக்குள்ள ஆஞ்சி கழுவி ஐஸு போட்டு உங்க கையில குடுத்துடுவோம், ஒரு முள்ளுகூட உங்க வூட்ல ஆயத் தேவையில்ல, வாங்கலன்னா எங்க டீமு இன்னியோட இல்ல சார் என்றேன். யார் ஆய்வார்கள் என்று நான் யாரையுமே கேட்கவில்லை. லோகநாயகி அக்கா அரிவாள்மனையைப் போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சம்பத் சார் பையைத் திரும்ப விரித்து, அப்ப ரெண்டு கிலோவே போடுங்க என்றார். அரை மணியில் காலியாகும் என்று நினைத்த கூடை பத்து நிமிஷத்தில் காலி. ஆனால் ஆய்வதற்கு, லோகநாயகி அக்காவோடு உட்கார்ந்த இரண்டு பேரையும் சேர்த்து, மூன்று அம்மாக்கள் போதவில்லை. சர்ச்சுக்கு என்னைக் கூட்டிப்போக வெள்ளைப் புடவையில் வந்து நின்ற நம் அம்மா, தள்ளு தள்ளு என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல் போனது அங்கேதான். மீன் வாடைக்கு ஆராதனையில் எங்கள் வரிசையில் யாருமே உட்காரவில்லை என்பதையும் எழுதச் சொல்கிறாள்.

மேட்சைப் பற்றி என்ன எழுத, நாங்கள் ஏழு பேர், அவர்கள் ஒன்பது பேர். அனு அக்கா தன் டீமில் இரண்டு பேரை வெளியே உட்காரவைத்து ஏழுக்கு ஏழு ஆக்கினார், அப்படியும் எங்களை அரைத்துவிட்டார்கள். அவர்கள் அறுபத்தொன்று, நாங்கள் எட்டு. ஆனால் அந்த எட்டில் ஆறு, நான் கையால் குத்திக் கொடுத்த பந்தை சிநேகா உதைத்து நடுக் கம்புக்குள் போட்டது. மீனுக்காக மாட்டிக்கொண்ட முப்பது பேரும் அதுவரை மேட்ச் பார்த்தே இராதவர்கள், ஒரே கூச்சல். சம்பத் சார், ஒரு உதைக்கு எப்படிம்மா ஆறு என்று கேட்டுக்கொண்டே கைதட்டினார். லோகநாயகி அக்கா மீன் கையோடு கோட்டருகில் வந்து, ஏய் ரோஸ் கை, அந்த நெட்டச்சிய வுடாத, புடி என்று கத்தினார். ரோஸ் கை என்றால் நாங்கள் ஏழு பேரும்தான், யாரைச் சொன்னார் என்று தெரியாமல் ஏழு பேரும் அந்தப் பெண் மேல் போய் விழுந்தோம். உலகநாதன் சார் விசிலை விட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த ஞாயிறு திருக்கழுக்குன்றத்தில் மேட்ச், அங்கே மீனுக்கு என்ன வழி என்று இன்னும் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை கமிட்டிக்கு வந்து கேள் என்று சார் என்னிடமே சொல்லிவிட்டார், வருகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மேட்ச் முடிந்ததும் உலகநாதன் சார் தன் நோட்டைத் திறந்தார், நான் எட்டிப் பார்த்தேன். சதுரங்கப்பட்டினத்துக்கு நேராக முதல் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது, இரண்டாவது கட்டத்திலும் ‘வரவில்லை’. மூன்றாவது கட்டத்தில் அவர் எழுதியது, தோல்வி. அதைப் பார்த்துவிட்டு நானும் சிநேகாவும் கட்டிப்பிடித்துக் குதித்ததை யாராவது பார்த்திருந்தால் கப் வாங்கிவிட்டோம் என்றே நினைத்திருப்பார்கள்.

இந்தக் கடிதத்தை அனு அக்காவின் தம்பி விஷாலிடம் கொடுத்து அனுப்புகிறோம், லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே படிப்புக்குத் திரும்புகிறான். கூடவே பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருக்கிறோம், ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. கர்த்தர் உன்னைப் போக்கிலும் வரத்திலும் காக்கட்டும், உன் கை தொடும் நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். கம்பளிச் சட்டையை மறக்காமல் போடு, கடிதம் கிடைத்ததும் போன் செய், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் செய்யாதே, வீட்டில் யாரும் இருக்கமாட்டோம்.

அம்மா ஹெலன் (இடது கையால் போட்ட கையெழுத்து, அதனால்தான் இப்படி இருக்கிறது)
அப்பா பூபாலன்
உன் தங்கை பியூலா