தெப்பத்தை எடுத்துப் போன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கெண்டை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு செதில் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு, எத்தனை தேய்த்தும் போகவில்லை. நீ இருந்திருந்தால் அதை எடுத்து நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டு, "ஏட்டி, சினிமாக்காரி மாதிரி இல்ல நானு?" என்று கழுத்தைச் சொடுக்கியிருப்பாய். குழாயை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கேரளத்து மலையில், சூரியநெல்லிக்குக் கீழே அணைத் தண்ணீரின் ஓரத்தில், நம்முடையதோடு சேர்த்து ஏழெட்டு வீடுகள். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டவர்கள் மீன் பிடித்துப் பிழைத்த இடம். எழுபதுகளில் அங்கே வண்டி ஏது? எதற்கும் மூங்கில் தெப்பம்தான். பதினாறு வயதிலேயே அப்பாவைவிட நன்றாகத் துடுப்பு போடுவாய். போட்டுக்கொண்டே தோட்டத்துக் கங்காணி போலப் பேசிக் காட்டுவாய். நான் சிரித்துச் சிரித்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். வலையில் பொடிமீன் மாட்டினால், "போ, ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்று தண்ணீரில் விட்டுவிடுவாய். அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா மதினிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். அக்கரைக்குப் போகும் சுற்றுப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. ஆண்கள் மீன் கூடைகளோடு சந்தைக்குப் போயிருந்தார்கள். அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். மருத்துவச்சியின் வீடு அக்கரையில். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து அடிக்குது, வேண்டாம்டி."

"மதினி கத்துறது ஒனக்குக் கேக்கலயா? இந்தா, போயிட்டு வந்துருதேன்."

சொன்னபடியே மருத்துவச்சியைக் கூட்டிவந்தாய். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நனைந்த பாவாடையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "யம்மாடி, மூஞ்சில என்ன கோவம்! யாரு இவள எழுப்புனா?" என்றாய். அந்தக் களைப்பிலும் மதினி சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் மருத்துவச்சியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டாய். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டதாம். "இங்கன இருந்துட்டு விடிஞ்சு போ தாயி" என்று அவர் சொல்லியிருக்கிறார். "அம்மா கரையிலயே நிப்பா" என்று துடுப்பை எடுத்தாயாம். அம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் தெப்பம் மட்டும் நாணலில் சிக்கிக் கிடந்தது. அப்பா காய்ச்சலோடு தண்ணீரில் இறங்கினார். ஊரே சேர்ந்து தேடியது. போலீஸ்காரர்கள் வந்து மலையாளத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். நீ கிடைக்கவில்லை. எங்காவது கரையேறியிருப்பாய் என்று பிறகு அப்பா கம்பம்மெட்டு, குமுளி என்று அலைந்து, பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் உன் அடையாளம் சொல்லி விசாரித்தார்.

"முங்கிப் போயிருப்பா. காரியத்த முடிச்சிருங்க" என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"எம் புள்ள மொகத்தப் பாக்காம நான் எதையும் முடிக்க மாட்டேன்" என்றாள் அம்மா. அத்தோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

அவளை மீட்டது செல்லம்மா மதினிதான். தினமும் பிள்ளையை அம்மா மடியில் போட்டுவிட்டு, "வேலை கெடக்கு அத்தை, பாத்துக்கிடுங்க" என்று போய்விடுவாள். அம்மா அதைத் தொடமாட்டாள், நான்தான் தூக்குவேன். ஒருநாள் அது வீறிட்டு அழ, அம்மா பொறுக்கமாட்டாமல் தோளில் தூக்கிப் போட்டு, "என்ன கோவம் வருது ஒனக்கு!" என்றாள். சொன்ன பிறகுதான், அதை முதலில் சொன்னது யாரென்று அவளுக்கு உறைத்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அதன் பிறகு அந்தப் பிள்ளை பாதி நாள் நம் வீட்டில்தான் வளர்ந்தது.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. கடைசிவரை உனக்குக் காரியம் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. நீ திரும்பி வருவாய் என்ற நம்பிக்கையா என்றால், அதெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும், 'ஒரு அக்கா இருந்தா' என்று சொல்ல நாக்கு வளைவதில்லை.

போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"ஒரு அக்கா இருக்கா."

"எங்க கட்டிக் குடுத்திருக்கு?"

"அக்கரையில" என்றேன்.

"நல்லா இருக்காங்களா?"

"அவளா? சரியான சேட்டக்காரி. பேச ஆரம்பிச்சா சிரிச்சே வயிறு புண்ணாயிரும்."

நான் இறங்கும் இடம் வரும்வரை உன்னைப் பற்றியேதான் அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.