முதல் தேதியில் கட்டிய பணம்

ஜூலை 3, வெள்ளி

மதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு வணக்கம். இரண்டு வாரங்களாக உன்னிடம் வாராதிருந்தமையைப் பொறுத்தருள வேண்டுகிறேன். எழுத அமர்ந்தாலே மனம் கிரெடிட் கார்டுக் கணக்கிற்கு ஓடிவிடுகிறது. ஆகையால் தள்ளிப்போட்டேன்.

இன்றும் வங்கியின் குறுஞ்செய்தி: தாமதக் கட்டணம் சேர்க்கப்பட்டுள்ளது. யார் செய்த தாமதம்? இருபத்தாறாம் தேதிக்குள் கட்ட வேண்டியதை, சம்பளம் கைக்கு வரும் முதல் தேதியிலேயே கட்டிவிடுகிறேனே. என் கணவருடைய முதுகு அறுவைச் சிகிச்சைக்கு அந்தக் கார்டைத் தேய்த்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கட்டக் கட்டக் கடன் ஏறுகிறதேயன்றி இறங்கக் காணோம்.

வங்கி மேலாளருக்குக் கண்டனக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று பக்கங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; மீதித் தமிழை நாளிதழ்களிலிருந்து நானே கற்றேன். ஒரு சொல் பிசகாது.

ஜூலை 6, திங்கள்

விடுதியின் துணி அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். வரவேற்பறைத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்றார்கள். வங்கியின் கடன் வசூல்காரர். "மொபைல எடுக்க மாட்டேங்கறீங்க, அதான் இங்க பண்ணோம் மேடம். சனிக்கிழமை வீட்டுக்கு ஆள் வரும்."

சலவைப் பிரிவில் இருப்பவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள். அவள் அருகிலேயே நின்றிருந்தாள்.

"யாருக்கா அது?"

"உறவினர்."

"எந்த ஊர்ல உறவுக்காரங்க மேடம்னு கூப்பிடறாங்க?"

விடுதி முழுக்கப் பரப்பிவிடுவாள் என்பதல்ல என் அச்சம். மருத்துவச் செலவு என் சேமிப்பிலிருந்து வந்ததென்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். ஓராண்டிற்குச் சுமை தூக்கவே கூடாதென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடன் இருப்பது தெரிந்தால் மறுநாளே லாரியில் ஏறி மூட்டை இறக்குவார். அந்த முதுகு தாங்குமா?

ஜூலை 7, செவ்வாய்

யாரிடம் உதவி கேட்பது? கேட்டுப் பழக்கமில்லையே எனக்கு.

ஜூலை 8, புதன்

உணவு இடைவேளையில் வங்கிக்குச் சென்று கடிதத்தை நீட்டினேன். மேசையில் இருந்த பெண் மூன்று பக்கங்களையும் பொறுமையாகவே படித்தாள்.

"படிக்க ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நீங்க என்ன கேக்குறீங்க?"

சொன்னேன். அவள் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். பில் போடுவது எட்டாம் தேதி. அதற்குக் கெடு, அந்த மாதம் இருபத்தாறு.

"நீங்க ஒண்ணாம் தேதி கட்டுறது அடுத்த பில்லுக்கு இல்லம்மா. அஞ்சு நாளைக்கு முன்னாடியே கெடு முடிஞ்ச பில்லுக்கு. முன்னாடி கட்டுறோம்னு நெனச்சு பின்னாடி கட்டிட்டு இருக்கீங்க."

ஏழு மாதமாக. அந்தக் கார்டோடு வந்த சிறு புத்தகத்தை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முதல் தேதியில் கட்டுபவளுக்கு அதெல்லாம் எதற்கென்ற நினைப்பு. போட்ட ஒவ்வொரு தையலையும் மறுமுறை பார்க்கிறவளுக்கு — என்ன திமிர்.

"தவணையா மாத்திக் கேளுங்க," என்றாள். "மாசம் எவ்வளவு முடியும்னு மட்டும் எழுதுங்க. வீட்ல பேசிட்டு எழுதுங்க."

வீட்டில் பேசுவதா!

ஜூலை 9, வியாழன்

பேசிவிட்டேன். வசூல்காரர் வாயால் அவர் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும்.

கேட்டு முடித்ததும் எழுந்து நின்றார். பிறகு, நான் அஞ்சிய அதே சொல்: "நாளைக்கே லோடுக்குப் போறேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "போய்யா, போ. போயி அங்கயே படுத்துக்கோ. நானும் தையல் மிஷின வித்துட்டு உன் பக்கத்துல வந்து படுத்துக்கறேன், ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பில்லாப் போடட்டும்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தன வருஷத்துல உன் பேச்சு ஒண்ணு எனக்கு முழுசாப் புரிஞ்சுது."

பிறகு மெல்லச் சொன்னார். கிடங்கில் உட்கார்ந்து சரக்குச் சீட்டு எழுத ஆள் வேண்டுமென்று முதலாளி போன மாதமே கேட்டாராம். பாதிச் சம்பளம். மூட்டை தூக்கிய இடத்தில் நாற்காலியில் உட்கார இவருக்குக் கூச்சம், என்னிடம் சொல்லவில்லை.

நல்ல ஜோடிதான் நாங்கள்.

ஜூலை 10, வெள்ளி

அவர் காலையில் கிடங்கிற்குச் சென்றார். போகுமுன் இருவரும் சேர்ந்து எழுதியது இது. நான் இட்ட அடைமொழிகளையெல்லாம் அவர் அடிக்கச் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை. படி எடுத்து வைக்கிறேன்:

மேலாளர் அவர்களுக்கு,
எங்கள் வருமானத்தில் மாதம் நாலில் ஒரு பங்குதான் கட்ட முடியும். கார்டை ரத்து செய்துவிட்டுக் கடனைத் தவணையாக மாற்றித் தாருங்கள். நாளை ஆள் அனுப்ப வேண்டாம். கூப்பிட்டால் நாங்கள் இருவரும் வருகிறோம். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.