ஆறு பேருக்கும் இருபத்து நாலு

நாள் 2. 18:00
சந்திரன், தென்முனைப் பனிச் சுரங்கம், மேல் அறை. எழுதுவது அமலோற்பவம், கணினிப் பொறியாளர். நேற்று சுரங்கவாய் இடிந்தது. கீழே காப்பறையில் ஆறு பேர். அதில் ஒருவர் என் கணவர் சவரிராயன்.

பேச வழியில்லை. ஒவ்வொருவரும் மணிக்கொரு முறை தம் அட்டையைச் சொருக வேண்டும். பெயரும் சொருகிய நேரமும் கொண்ட அந்தப் பட்டியல் மட்டும் மேலே வருகிறது. எண்ண நாலு வரி நிரல் எழுதினேன்: பட்டியலை மேலிருந்து படி, புதுப் பெயர் என்றால் ஒன்று வை, பார்த்த பெயர் என்றால் ஒன்று கூட்டு, நாள் முடிவில் காட்டு.

நாலு பேராவது உயிரோடிருந்தால்தான் மீட்பு வண்டி வரும். தலைமைத் தளத்தின் விதி அது. எண்ணிக்கையில் கையெழுத்துப் போட்டு அங்கே அனுப்புவது நான்.

நாள் 6. 18:00
ஆறு பேருக்கும் 24. தினமும் இதேதான். அலாரம் அடித்தாலும் எழுந்திருக்காத என் மனுஷன், ஒரு மணிகூடத் தவறவில்லை! சந்தோஷமாக அனுப்பினேன்.

தளம்: "அனைவரும் நலம். அவசரமில்லை. வண்டி முதலில் மேற்குச் சுரங்கத்துக்கு. உங்களுக்குப் பன்னிரண்டு நாள் கழித்து."

நாள் 7. 11:20
மனசு உறுத்தியது. பெயரை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மணியிலும் ஆறு அட்டையும் பத்து நொடிக்குள். ஒரே கை. அது தூங்கவே இல்லை.

ஷிஃப்டில் ஒருவனே எல்லார் அட்டையையும் வாங்கிச் சொருகுவது இங்கே வழக்கம். நானும் கண்டும் காணாமல் விட்டவள்தான். எப்படி மறந்தேன்? முட்டாள். முட்டாள்.

நாள் 8. 15:45
இடிபாட்டில் அறுந்த எழுத்துச் செய்திக் கம்பியை ஒட்டிவிட்டேன். யார் என்று கேட்டேன்.

கீழிருந்து: "வெல்டர் மாசிலாமணி. மத்த அஞ்சு பேரும் இடிஞ்ச அன்னிக்கே போயிட்டாங்கக்கா. சவரி அண்ணனும். ஒத்த ஆளுக்கு வண்டி விடமாட்டாங்கல்ல. மன்னிச்சிருங்க. ஹீட்டர் இன்னும் ஏழு நாள்தான் தாங்கும்."

நாள் 8. 19:10
அழுது முடித்துவிட்டு ஹீட்டர் விஷயத்தைத் தளத்துக்குச் சொன்னேன்.

தளம்: "ஆறு பேரும் ஒரு மணிகூடத் தவறவில்லையே. காத்திருங்கள்."

உண்மையைச் சொன்னால் வண்டியே கிடையாது. மறைத்தால் தாமதம். மாசிலாமணியாவது பிழைக்க வேண்டும். அவனுக்கு எழுதினேன்: ஒருவர் அட்டையை நாளுக்கு நாள் குறைத்துச் சொருகு, ஒரு பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகவிடு, அப்போதுதான் அவசரம் என்று நம்புவார்கள்.

கீழிருந்து: "யாரக்கா?"

சவரிராயன் என்று அடித்தேன். பெண்டாட்டியே கையெழுத்துப் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நாள் 11. 18:00
முந்தாநாள் சவரிராயன் 17. நேற்று 9. இன்று 4. செத்துப் பத்து நாளான மனுஷன் இப்போதுதான் என் கண்ணெதிரே சாகிறார். நிறுத்தச் சொல்ல இரண்டு முறை விரல் போனது. சொல்லவில்லை.

தளம்: "நிலைமை புரிகிறது. வண்டி புறப்பட்டது. மூன்று நாள்."

நாள் 12. 18:00
இன்று ஐந்து வரிதான் வந்தது. அவருக்குப் பூஜ்யம் என்றாவது போட்டிருக்கும் என்று தேடினேன். போடாது. பட்டியலில் வராத பெயரை இந்த நிரலுக்குத் தெரியாது. நான்தான் அப்படி எழுதினேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.